ஒன்பது திரைகளும் ஒரு கையும்

கல்யாண வீட்டில் சீர்த்தட்டுகளை ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். ஏழு, ஒன்பது, பதினொன்று என்று போகும். தப்பித் தவறி எட்டு வந்துவிட்டால், யாராவது ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தையாவது தட்டில் வைத்து ஒன்பதாக்கிவிடுவார்கள். சரி, அது வழக்கம். ஆனால் டிவியையும் அப்படி எண்ணி எடுக்கலாமா?

அப்புசாமி எடுத்தார்.

அவர் ரித்திகாவுடைய அம்மாவின் பெரியப்பா. ரித்திகாவுக்குத் தாத்தா முறை; பெரிய அப்புச்சி என்று கூப்பிடுவாள். தனபால் மாமாவின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் முதல் பாயசம் வரை எல்லாமே அவர் பொறுப்புதான். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கும் கல்யாணம் தெரிய வேண்டும் என்று வீடியோ வால் வைக்கச் சொன்னதும் அவர்தான். பல டிவிக்களைச் சுவர் போல ஒட்டி அடுக்கி, எல்லாவற்றிலும் சேர்த்து ஒரே படத்தைக் காட்டுவார்களே, அதுதான் வீடியோ வால்.

"அந்த மண்டபத்துக்கு நாலு டிவி போதுமுங்க" என்று காந்திபுரத்தில் டிவி வாடகைக்கு விடும் கடையிலிருந்து போனில் சொன்னார் தாஜுன்னிசா.

"ஏனுங்க அம்மணி, நல்ல காரியமுங்க! நாலு, ஆறுன்னு ரெட்டைப்படையில வெப்பாங்களா? ஒம்பதா கொண்டாந்துபோடுங்க" என்றார் அப்புச்சி.

அதனால் கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியம், சூலூர் மண்டபத்தின் மேடைக்குப் பக்கத்தில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது டிவிக்கள் எழுந்து நின்றன. மேடையில் நிற்பவர்களும் பார்க்கலாம், கூட்டமும் பார்க்கலாம் என்று சற்றே திருப்பி வைத்திருந்தார்கள். அப்புச்சி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, திருப்தியாகச் சமையல் கட்டுப் பக்கம் போனார்.

ரித்திகா மட்டும் அந்தத் திரைகளின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மண்டபத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அந்தத் திரையில் அம்மா வரப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

ரித்திகாவின் அம்மா கோகிலா போன ஆடி மாதம் இறந்துவிட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. வீட்டில் இன்னும் அம்மாவின் செருப்பு வாசலில்தான் இருக்கிறது. அதை எடுத்து உள்ளே வைக்க அப்பாவுக்கும் மனசு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை.

தனபால் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. சூலூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் பக்கத்தில் அவருடைய அக்காவோ தங்கையோ வந்து நிற்பார். ஒரு கூறைப் புடவையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள, மறு முனையை அவர் பிடித்துக்கொள்வார். கூடப் பிறந்தவள் நிற்க வேண்டிய இடம் அது.

"என்ற அக்கா இல்லாம எனக்கு இணைச்சீர் வேண்டாமுங்க" என்று மாமா சொல்லிவிட்டார்.

வீடே கூடிப் பேசியது. அப்புச்சி சொன்னார், அத்தைகள் சொன்னார்கள், அக்கம்பக்கத்தார்கூட வந்து சொன்னார்கள். கடைசியில், பெரிய அப்புச்சியின் மகள் மேனகா சித்தி அந்த இடத்தில் நிற்பது என்று முடிவானது. மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சரிங்க. ஆனா அக்காளும் நானும் இருக்கிற போட்டோவைப் பெருசா வெச்சுருங்க. அவ மூஞ்சியப் பார்த்துட்டே நின்னுக்கறேன்."

அந்தப் போட்டோவை எடுத்ததே ரித்திகாதான்.

ஊட்டி ரயில் ஏறுவதற்காக மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நின்றபோது எடுத்தது. அம்மாவும் மாமாவும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க! ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் மறைக்கறீங்க!" என்று ரித்திகா பெரிய புகைப்படக்காரியைப் போல அதட்டினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்கள். தம்பியை விட்டு ரொம்ப விலகிவிட்டது போலத் தோன்றியதோ என்னவோ, அம்மா கையை நீட்டி மாமாவின் தோளில் வைத்துக்கொண்டார். அப்போது எடுத்த படம்.

"கண்ணு, போட்டோ போடப்போறேன். பார்க்கறயா?" என்று கேட்டார் தாஜுன்னிசா. அவர் ஒரு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். உதவிக்கு வந்த பிரான்சிஸ் அண்ணன் திரைகளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

ரித்திகா தலையாட்டினாள்.

ஒன்பது திரைகளும் ஒன்றாக ஒளிர்ந்தன. மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வந்தது. நீல ரயில் பெட்டி வந்தது. அம்மாவும் மாமாவும் வந்தார்கள்.

ரித்திகா எழுந்து நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு டிவியைச் சுற்றிலும் கறுப்பு விளிம்பு இருக்கிறது அல்லவா? ஒன்பதையும் ஒட்டி வைத்ததில் அந்த விளிம்புகள் ஜன்னல் கம்பி போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. நான்கு திரைகளின் மூலைகள் சேரும் இடம் சரியாக அம்மாவின் முகத்தில் வந்து விழுந்திருந்தது. ஒரு கண் ஒரு திரையில் இருந்தது. இன்னொரு கண் அடுத்த திரையில் இருந்தது. வாய் கீழே போய்விட்டது. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சிலுவைக் கோடு மட்டுமே இருந்தது. அம்மாவின் மூக்குத்தியைக் காணவே காணோம்.

மாமாவின் முகமும் அப்படித்தான் பிளந்து கிடந்தது.

அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசல்ல வாழைமரம் கட்டறாங்களான்னு பார்த்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வாழைமரத்தைக் காலையிலேயே கட்டிவிட்டார்கள்.

"அக்கா, அம்மா மூக்கு எங்கீங்க போச்சு?" என்று ரித்திகா கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தாஜுன்னிசாவுக்கு அப்போதுதான் அது யாருடைய படம் என்று புரிந்தது. லேப்டாப்பைக் கீழே வைத்தார்.

"எங்கயும் போகலை கண்ணு. விளிம்புக்குப் பின்னால இருக்கிற மாதிரி வெச்சிருக்கேன். அப்படி வெச்சாத்தான் படம் கோணாம நேரா இருக்கும். கொஞ்சம் மறையும், அவ்வளவுதான். மறைக்காமலும் வைக்கலாம். இரு, காட்டறேன்."

அவர் ஏதோ ஒன்றை மாற்றினார். மூக்குத்தி திரும்பி வந்தது. ஆனால் முகத்தின் நான்கு துண்டுகளும் விலகி, கன்னம் பூசணிக்காய் போல அகன்றுவிட்டது. அம்மா பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ரித்திகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"படத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம்" என்றார் தாஜுன்னிசா. நகர்த்தினார். அம்மாவின் முகம் முழுசாக நடுத்திரைக்கு வந்தது. மாமா ஓரத்துக்குப் போய்ப் பாதி உடம்போடு நின்றார். படத்தைச் சின்னதாக்கி ஒரே திரையில் போட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் பொம்மை போலத் தெரிந்தார்கள். மேடையிலிருந்து பார்த்தால் யார் என்றே தெரியாது. மறுபடி பழையபடியே பெரிதாக்கி வைத்தார்.

"ரெண்டு பேரையும் தனித்தனியா வெட்டி, ஆளுக்கொரு பக்கமா வெச்சுரலாமா?" என்று பின்னாலிருந்து பிரான்சிஸ் அண்ணன் கேட்டார்.

"வேண்டாமுங்க!" ரித்திகா கத்தியே விட்டாள். "வெட்டுனா அம்மா கை போயிருமுங்க. கை மாமா தோள் மேல இருக்குதுங்க."

பொழுது சாய்ந்ததும் மாமா வந்துவிடுவார். மேடையில் நின்று அக்கா முகத்தைத் தேடுவார். அங்கே கறுப்புக் கோடுகள் இருக்கும். அதை நினைத்ததும் ரித்திகாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதை அவர்கள் பார்க்கக் கூடாது என்று மாப்பிள்ளை அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கே யாரும் இல்லை. கட்டிலில் புதுச் சென்னிமலை பெட்ஷீட் விரித்திருந்தது. அதில் முகம் புதைத்து நன்றாக அழுதாள். கல்யாண வீட்டில் அழக் கூடாது என்று அத்தைகள் சொல்லியிருந்தார்கள். அதற்காக அழுகை வராமல் இருக்குமா?

அழுது ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தபோது பெட்ஷீட்டைப் பார்த்தாள். எதிரும் புதிருமாக இரண்டு மயில்கள். கடையில் மூன்றாக மடித்து வைத்திருந்த மடிப்புக் கோடுகள் இன்னும் போகவில்லை. ஒரு கோடு இடது மயிலின் கழுத்தில் ஓடியது. இன்னொன்று வலது மயிலின் கழுத்தில் ஓடியது.

வீட்டில் இருப்பதும் இதே மயில் பெட்ஷீட்தான். காய்ந்த துணியை மடிக்கும்போது அம்மா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடிப்பார்கள். அவள் அவசரமாக மூன்றாக மடித்தால் அம்மா விடமாட்டார்.

"மூணா மடிச்சா மடிப்பு மயில் கழுத்துல உழுகுது பாரு. பாதியா மடி கண்ணு. நடுவுல வெறும் கொடிதான இருக்குது, அதுமேல உழுந்தா ஒண்ணுமில்லை."

ரித்திகா பெட்ஷீட்டை உருவினாள். தரையில் போட்டுப் பாதியாக மடித்தாள். மடிப்பு இரண்டு மயிலுக்கும் நடுவே, கொடியின் மேல் விழுந்தது. மயில்கள் இரண்டும் முழுசாக இருந்தன.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"தாஜ் அக்கா! மூணு மூணா இருக்கறதாலதானுங்க மூஞ்சியில கோடு உழுகுது? ரெண்டு ரெண்டா வெச்சா?"

தாஜுன்னிசா அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்து இரண்டு வட்டம் போட்டார். நடுவில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"அட, ஆமா! மேல ரெண்டு, கீழ ரெண்டு. இடது திரையில அம்மா, வலது திரையில மாமா. ரெண்டு மூஞ்சியும் முழுசா வந்துரும்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆனா நாலுதான் நிற்கும் கண்ணு. படமும் சின்னதாயிரும். உங்க அப்புச்சிதான் ஒம்பது வேணும்னு..."

"நான் கேக்கறனுங்க" என்றாள் ரித்திகா.

அப்புச்சி சமையல் கட்டில் லட்டு எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கை லட்டின் மேலேயே நின்றுவிட்டது.

"நாலா? இணைச்சீர் அன்னைக்கு ரெட்டைப்படையா? ஆகாது அம்மணி, ஆகாது."

"மண்டபத்துக்குள்ள மொத்தம் எத்தனைன்னுதானுங்க அப்புச்சி பார்க்கோணும்? மேடைகிட்ட நாலு நிக்கட்டுமுங்க. மீதி அஞ்சையும் பந்தியில வெச்சுருவாங்க. சாப்பிடறவங்களும் கல்யாணம் பார்ப்பாங்கல்ல? நாலும் அஞ்சும் ஒம்பதுங்க."

அப்புச்சி விரல் விட்டு எண்ணினார். ஒன்பது சரியாகத்தான் வந்தது. ஆனாலும் உடனே ஒத்துக்கொண்டால் பெரிய மனுசன் ஆவாரா?

"எதுக்கு இத்தனை பாடு? இப்ப இருக்கறது நல்லாத்தான இருக்குது?"

"சித்தெ வந்து பாருங்க அப்புச்சி." ரித்திகா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அப்புச்சி அதுவரை திரைகளை எண்ணித்தான் பார்த்திருந்தார். திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். நாலு துண்டாக இருந்த முகத்தை அவருக்கு அடையாளம் காணச் சற்று நேரம் ஆயிற்று.

"கோகிலாளா அது?" என்று கேட்டார். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவர் அவர். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "ஏனப்பா, கழட்டுங்க. மொதல்ல அதைக் கழட்டுங்க."

ஒன்பதும் இறங்கின. ஐந்து பந்திக்குப் போயின. நான்கு மட்டும் புதிதாக எழுந்து நின்றன. தாஜுன்னிசா ஒவ்வொரு திரைக்கும் அதன் இடத்தைச் சொல்லிக்கொடுத்தார். 'நீ மேலே இடது, நீ மேலே வலது' என்று லேப்டாப்பில் குறித்துக்கொண்டே வந்தார். அப்படிச் சொல்லாவிட்டால் அம்மாவின் தலை கீழேயும் செருப்பு மேலேயும் வந்துவிடுமாம்.

படம் வந்தது.

அம்மா வந்தார். இரண்டு கண்களும் இருந்தன. மூக்குத்தி மின்னியது. ரயிலுக்கு நேரமாகிறது என்ற கவலையே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் திரையில் மாமா முழுசாக நின்றார்.

அம்மாவின் கை மட்டும் கறுப்புக் கோட்டைத் தாண்டி அடுத்த திரைக்குப் போயிற்று. தாண்டிய இடத்தில் கை படிக்கட்டு போல ஒடிந்து தெரிந்தது.

"அக்கா, கை ஒடைஞ்சிருக்குதுங்க" என்றாள் ரித்திகா.

"ஒரு டிவி ஏறி நிக்குது. நீ கடைசி வரிசைக்குப் போய் நின்னு பார்த்துச் சொல்லு. கிட்ட இருக்கிற எங்களுக்குத் தெரியாது" என்றார் தாஜுன்னிசா.

ரித்திகா மண்டபத்தின் மறு கோடிக்கு ஓடினாள். "பிரான்சிஸ் அண்ணா, வலது பக்கத்து டிவியைச் சித்தெ இறக்குங்க! இன்னுங் கொஞ்சம்... ஐயோ, நெம்ப எறங்கிருச்சு. ஒரு நூல் மேல... போதும், போதுமுங்க!"

கை ஒட்டிக்கொண்டது. தோளிலிருந்து விரல் வரை நேராக ஒரே கை.

ஆனால் ஏதோ குறைந்தது. ரித்திகா கிட்டே வந்து பார்த்தாள். அம்மா கையில் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருந்தார். அவளும் அம்மாவும் சேர்ந்து வாங்கியது. அதைக் காணோம்.

"வளையல் விளிம்புக்குப் பின்னால போயிருச்சுங்களா?"

"ஆமா கண்ணு. மறைக்காம வைக்கலாம். ஆனா முன்னாடி மூஞ்சி அகலமாச்சே, அந்த மாதிரி இப்போ கை கொஞ்சம் நீளமாத் தெரியும். எப்படி வைக்கட்டும்?"

ரித்திகா யோசிக்கவே இல்லை.

"நீளமாவே இருக்கட்டுமுங்க. அம்மாகிட்ட ஒண்ணும் மறைய வேண்டாம்."

பச்சை வளையல் வந்தது. கை கொஞ்சம் நீண்டது. அப்பா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. இந்த முறை அவர் வெளியே போகவில்லை. ரித்திகாவின் தலையில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அசையாமல் நின்றாள்.

பொழுது சாய்ந்தது. மாமா பட்டு வேட்டியில் மேடைக்கு வந்தார். மேனகா சித்தி பக்கத்தில் வந்து நின்றார். சடங்கு நடத்தும் அருமைக்காரர் கூறைப் புடவையின் ஒரு முனையை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார்.

மாமா தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார்.

மேளக்காரர்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார். மாமாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. மேனகா சித்தியும் அழுதார். "இது உங்கக்கா நிக்க வேண்டிய எடம் தம்பி. நான் சும்மா புடிச்சுக்கறேன்" என்றார். மாமா தலையாட்டினார். புடவையின் மறு முனையைச் சித்தி பிடித்துக்கொண்டார். மேளம் மறுபடி முழங்கியது. சடங்கு முடியும் வரை மாமா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் மேடையை விட்டு இறங்கி நேரே ரித்திகாவிடம் வந்தார். பட்டு வேட்டி கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, இந்தப் போட்டோ என்ற போன்லயும் இருக்குது. தினமும் பார்க்கறேன். அதுல அக்கா கை இத்தனை நீளமில்லையே?"

விளிம்பு, மறைப்பது, மறைக்காமல் வைப்பது என்று எல்லாவற்றையும் சொல்லலாம் என்றுதான் ரித்திகா வாயைத் திறந்தாள். ஆனால் வேறு ஒன்றுதான் வந்தது.

"அத்தனை தூரத்துல இருந்து எட்டோணுமில்லைங்க மாமா?"

மாமா திரும்பித் திரையைப் பார்த்தார். அந்த நீண்ட கை கறுப்புக் கோட்டைத் தாண்டி வந்து அவர் தோளில் இருந்தது. அவர் தன் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ரித்திகாவை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"எட்டீருச்சு கண்ணு" என்றார்.